மேட்டுக்கு ஒரு கூரை, நீருக்கு முப்பது ஆண்டுக் காவல்

ராணிப்பேட்டை மாவட்ட ஆட்சியருக்கும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம்.

பாலாற்றங்கரை ஊர்களின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ மாணவர்களுக்கு ஒரு சோதனையைச் செய்து காட்டுவேன். கண்ணாடிக் குடுவையில் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல் இருக்கும். செண்டுமல்லிப் பூவின் ஆரஞ்சு நிறம். அதில் கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலம் விட்டு, நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் தருவார்களே, அந்த இரும்பு உப்பின் கரைசலைச் சிறுகச் சிறுக ஊற்றுவேன். கண்ணெதிரே ஆரஞ்சு மங்கிப் பச்சை ஏறும். கொடிய குரோமியம் சாதுவான குரோமியமாக மாறிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பின்வரிசைப் பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி நின்று பார்ப்பார்கள்.

ஒருமுறை, ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி, குரோமியக் கழிவால் கிணறு கெட்டுப்போன கிராமத்திலிருந்து படிக்க வந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், இதை எங்கள் ஊர்க் கிணற்றில் ஊற்றினால் தண்ணீர் நல்லதாகிவிடுமா?”

அளவு தெரியாமல் எதையும் கிணற்றில் ஊற்றக் கூடாது என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அந்தப் பதில் தவறில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு அது போதாது. அன்றிலிருந்து இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். படித்ததிலிருந்து தெரிந்துகொண்டதை அவளுக்குச் சொல்வதைவிட உங்களுக்குச் சொல்வதுதான் பயன்படும். ஊற்ற வேண்டியதை ஊற்றுவதும் மூட வேண்டியதை மூடுவதும் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

ராணிப்பேட்டை சிப்காட்டில் 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலையைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. அதன் பெயரும் வரலாறும் உங்கள் கோப்புகளில் இருக்கின்றன. குரோமியத் தாதுவைச் சோடா உப்போடு சேர்த்துச் சூளையில் வறுத்து, தண்ணீரில் கரையும் குரோமேட்டை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுகிற சக்கை, இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் அங்கே மேடாகக் குவிந்தது. எடுத்தது போக எஞ்சிய குரோமேட் அந்தச் சக்கைக்குள்ளேயே இருக்கிறது. மழை பெய்யும்போதெல்லாம் கொஞ்சம் கரைந்து மண்ணுக்குள் இறங்குகிறது. 2006இல் ஒரு பன்னாட்டு ஆய்வமைப்பு உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபில் இருந்த அதே பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் இங்கே வந்து நிலத்தடி நீரை அளந்து எழுதியிருக்கிறது. மழைக்காலத்தில் மஞ்சள் நீர் வழிகிற படங்கள் நாளிதழ்களில் ஆண்டுக்காண்டு வருகின்றன. ஆலை ஓடிய காலத்தைவிட அது மூடிக் கிடக்கும் காலம் நீண்டுவிட்டது.

“இப்போதுதான் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறதே, அந்தக் கிணற்று நீரை யார் குடிக்கிறார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. மேட்டூரிலிருந்து வரும் நீர் பெரிய நிம்மதிதான், மறுக்கவில்லை. ஆனால் குழாயில் வருவது குடிக்கவும் சமைக்கவும்தான் காணும். மாடு குடிப்பதும், துணி துவைப்பதும், வீடு கட்டுவதும், கொல்லையில் கீரைக்குப் பாய்வதும் ஊர் நீர்தான். காவிரியில் தண்ணீர் இல்லாத கோடையில் எல்லாவற்றுக்கும் அதே ஊர் நீர்தான். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் இந்த மாவட்டத்தில் நிலத்தடி நீர்தான் எங்களுடைய ஏரி, எங்களுடைய ஆறு. அதை எழுதித் தள்ளிவிட முடியாது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஊரில் பலர் மஞ்சள் தெரிந்தால்தான் கெட்ட நீர் என்று நினைக்கிறார்கள். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவு பல மடங்கு தாண்டினாலும் தண்ணீர் பளிங்குபோலத்தான் தெரியும். கண் மஞ்சளைக் காணும் நிலை வரும்போது எல்லை எப்போதோ கடந்து போயிருக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது அடர்த்தியாகும். இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல ஓர் ஆள் தேவை. இதுவரை யாரும் சொல்லவில்லை என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

இப்போது உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. 2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாசுபட்ட இடங்களின் மேலாண்மைக்கென்று தனி விதிகளை அறிவித்தது. மாவட்ட நிர்வாகம் ஐயத்துக்குரிய இடங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும். மாநில வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். மாசுபடுத்தியவரிடம் செலவை வசூலிக்க வேண்டும். அவரால் இயலாதபோதும் அவரைக் கண்டுபிடிக்க முடியாதபோதும் மத்திய, மாநில அரசுகள் ஏற்க வேண்டும். நல்ல விதிகள். ஆனால் மாசு உறுதியான பிறகு அந்த இடத்தை எத்தனை ஆண்டுக்குள் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற காலக்கெடு அதில் இல்லை. விதிகள் வந்த சமயத்தில் வெளியான கணக்குப்படி நாடு முழுவதும் அடையாளம் கண்ட இடங்கள் 103. வேலை தொடங்கியவை ஏழு. காலக்கெடு இல்லாத வேலையின் கதி இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

அதே ஆண்டு ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளால் பாலாற்றுப் படுகையில் ஏற்பட்ட மாசு குறித்துத் தீர்ப்பளித்து, இழப்பீட்டை வழங்கச் சொல்லி, கண்காணிக்க ஒரு குழுவையும் அமைக்கச் சொன்னது. மாசுபடுத்தியவரே பொறுப்பு என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு எங்கள் பழைய வேலூர் மாவட்டத்தின் வழக்கில்தான் பிறந்தது. சட்டத்துக்குப் பாடம் கொடுத்த மண் இது. சுத்திகரிப்புக்கும் இங்கிருந்தே ஒரு நல்ல பாடம் பிறக்கட்டும் என்பதே என் ஆசை.

விதிகள் வந்தால் திட்டம் வரும். திட்டம் வந்தால் ஒப்பந்தப் புள்ளி வரும். என் பயமெல்லாம் அங்கேதான். இரண்டு ஆண்டில் முடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிற வேலையாக இதை யாரும் எடுத்துவிடக் கூடாது. வேகமாக முடிப்பதாகச் சொல்லும் வழிகள் இரண்டு: மேட்டை அள்ளி வேறிடத்தில் கொட்டுவது, நீரை மோட்டார் வைத்து இறைத்துச் சுத்திகரிப்பது. இரண்டையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு லட்சம் டன் சக்கையை லாரிக்குப் பதினாறு டன் என்று ஏற்றினால் 12,500 நடை. அபாயக் கழிவைப் புதைக்கும் இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். வாலாஜாவையும் காவேரிப்பாக்கத்தையும் கடந்து பன்னிரண்டாயிரம் முறை அந்தத் தூசி போக வேண்டும். போய்ச் சேரும் இடத்திலும் மக்கள் வாழ்கிறார்கள், அவர்களுக்கும் கிணறு இருக்கிறது. அள்ளுகிறவர்களை நினைத்தால் இன்னும் கலக்கம். 2015 ஜனவரி இறுதியில் இதே சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சகதித் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பிழைப்புக்காக வங்காளத்திலிருந்து வந்தவர்கள் அவர்களில் பெரும்பாலோர். கழிவை இடம் மாற்றும் வேலை எப்போதும் இப்படிப்பட்ட கைகளுக்குத்தான் போகிறது. முகக்கவசமும் மருத்துவப் பரிசோதனையும் இல்லாமல் ஒரு கூடை சக்கையைக்கூட யாரும் தொட அனுமதிக்காதீர்கள்.

இறைத்துச் சுத்திகரிப்பது நியாயமான யோசனைபோலத் தோன்றும். ஆனால் நீர் மட்டும் அங்கே கெடவில்லை. மண்ணின் நுண்துளையிலும் பாறை வெடிப்பிலும் குரோமேட் ஊறிக் கிடக்கிறது. இறைக்கும்போது நீர் தெளியும். மோட்டாரை நிறுத்திச் சில மாதம் கழித்துப் பார்த்தால் பழையபடி ஏறியிருக்கும். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1994இல் இப்படி இறைத்துச் சுத்திகரித்த 77 இடங்களைப் பரிசீலித்தது. இலக்கை எட்டியவை எட்டு. பத்துக் குதிரைத் திறன் மோட்டார் ஒன்று இரவும் பகலும் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 65,000 யூனிட் மின்சாரம் ஆகும். எத்தனை மோட்டார், எத்தனை ஆண்டு என்று பெருக்கிக்கொள்ளுங்கள். முதல் மின்கட்டணப் பாக்கியோடு இந்தத் திட்டம் நின்றுவிடும். கொஞ்சம் இறைப்பு தேவைப்படலாம். நஞ்சு புதிய கிணறுகளை நோக்கி நகராமல் இழுத்துப் பிடிக்க அது உதவும். முழுப் பாரத்தையும் அதன் தலையில் வைக்க முடியாது.

அப்படியானால் என்ன செய்வது?

முதலில் கூரை. ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். பெரிய டேங்கர் லாரிகளில் எட்டு லாரிக்கு மேல். அந்த மேடு பல ஹெக்டேர். ஒரே ஒரு நல்ல வடகிழக்குப் பருவமழை எவ்வளவு குரோமேட்டைக் கரைத்து இறக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மேட்டை மூடாமல் நிலத்தடி நீரைச் சுத்தப்படுத்துவது, ஓட்டை விழுந்த கூரையைச் சரிசெய்யாமல் வீட்டுக்குள் தேங்கிய நீரை மொண்டு ஊற்றுவதுதான். நீர் புகாத விரிப்பு, அதன் மேல் களிமண், அதன் மேல் மண்ணைப் பிடிக்கும் புல், சுற்றிலும் மழைநீரைத் தொடாமல் விலக்கி ஓட்டும் வாய்க்கால், கசிவைத் தடுத்துச் சேர்க்கும் அகழி. இதில் வியப்பான தொழில்நுட்பம் எதுவுமில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: இவ்வகைச் சக்கை காலப்போக்கில் உப்பி மேலெழும் இயல்புடையது. நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் இத்தகைய சக்கையைப் பள்ளம் நிரப்பப் பயன்படுத்தி, அதன் மேல் எழுந்த கட்டடங்களும் தளங்களும் தூக்கி விரிசல் கண்டன. மூடுகிற வடிவமைப்பு இந்த உப்பலைத் தாங்க வேண்டும். மேடு மூடியதும் அதன்மேல் கிடங்கோ குடியிருப்போ எழும்ப ஒருநாளும் அனுமதி தரக் கூடாது.

இரண்டாவது, நீரை இருக்கும் இடத்திலேயே குணப்படுத்துவது. அந்த மாணவியின் கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது.

எண்ணெய்க் கசிவைப்போல இது இல்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் எரிபொருள் மிதந்தது நினைவிருக்கும். எரிபொருளை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆக்க முடியும். காற்றும் காலமும் கொடுத்தால் போதும். குரோமியம் தனிமம். அதைத் தின்று செரிக்க எந்த உயிராலும் ஆகாது. அதன் வடிவத்தை மாற்றத்தான் முடியும். நீரோடு ஓடி, உடலுக்குள் புகுந்து, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஆறாம் நிலைக் குரோமியத்தை, கரையாமல் மண்ணோடு ஒட்டி உட்கார்ந்துவிடும் மூன்றாம் நிலைக்கு இறக்க வேண்டும். என் குடுவையில் ஆரஞ்சு பச்சையானது அதுதான்.

பூமிக்குள் அதைச் செய்ய மூன்று வழிகள் தேறியிருக்கின்றன. இரும்பு வழி ஒன்று. நஞ்சு நீர் நகரும் திசைக்குக் குறுக்கே அகழி வெட்டி, இரும்புத் துகளை நிரப்பிவிடுவது. நீர் தன் போக்கில் அதற்குள் நுழைந்து மறுபுறம் வெளியேறும்போது குரோமேட் இரும்போடு வினைபுரிந்து அங்கேயே தங்கிவிடும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் எலிசபெத் சிட்டி என்ற ஊரில், கடலோரக் காவல் படைத் தளத்தில் 1996இல் இப்படி ஒரு சுவரைப் புதைத்தார்கள்: 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், அகலம் இரண்டடி. பதினைந்து ஆண்டு கழித்தும் அதை அளந்து, குரோமேட்டை அது பிடித்துவைத்திருப்பதை எழுதியிருக்கிறார்கள். நம்மூரில் பாறை மேலாக இருப்பதால் ஆற்றுப் பக்கம் நகர நகர மண் ஆழமுள்ள இடங்களில் மட்டுமே இது பொருந்தும். பாறை வெடிப்புக்குள் ஓடும் நீர் சுவருக்கு அடியில் புகுந்து போய்விடும். அதனால் முழுத் தீர்வாக இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் கடைசல் பட்டறைகள் நிறைந்த மாவட்டத்தில் இரும்புச் சீவலுக்குப் பஞ்சமில்லை. எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி எடுத்து ஆய்வகத்தில் முதலில் சோதித்துப் பார்க்கலாம்.

அன்னபேதி வழி இரண்டாவது. மலிவான உப்பு, எஃகு ஆலைகளில் துணைப்பொருளாகக் கிடைப்பது. ஆனால் சக்கை மேட்டின் அடியில் நீர் காரத்தன்மை மிகுந்து இருக்கும். அங்கே அன்னபேதியைச் செலுத்தினால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகும் முன்பே இரும்பு படிந்துவிடும். அதிலுள்ள சல்பேட் சக்கையின் உப்பலையும் கூட்டலாம். குடுவையில் நான் முதலில் அமிலம் விட்டதற்குக் காரணம் இருக்கிறது, பூமிக்கு யாரும் அமிலம் விட முடியாது. மேட்டிலிருந்து விலகி, காரம் தணிந்த தூரத்துக் கிணறுகளின் பக்கம்தான் இதற்கு வேலை.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. மண்ணுக்குள் ஏற்கெனவே நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இனிப்பைக் கொடுத்தால் பெருகி, அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். ஆக்சிஜன் இல்லாத அந்தச் சூழலில் ஆறாம் நிலைக் குரோமியம் மூன்றாம் நிலைக்கு இறங்கிவிடும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊரில் 1997இல் இதற்குக் கொடுத்த இனிப்பு, சர்க்கரை ஆலையின் கழிவுப் பாகு. மொலாசஸ் என்று ஆலைக்காரர்கள் சொல்வதுதான். கலிபோர்னியாவின் ஹிங்க்லியில் 1952 முதல் 1960களின் நடுப்பகுதி வரை நிலத்தில் விட்ட குரோமியக் கழிவுநீரை, எத்தனாலைப் பூமிக்குள் செலுத்தி இன்றளவும் மாற்றிவருகிறார்கள். அதே ஊரில் இன்னொரு வேலையும் நடந்தது. நஞ்சு நீரைச் சொட்டு நீர்ப் பாசனமாக ஒரு தீவனப் பயிருக்குப் பாய்ச்சினார்கள். வேர்மண்டலத்து மண்ணும் நுண்ணுயிரும் குரோமேட்டை அங்கேயே பிடித்து அடக்கிவிட்டன. அந்தப் பயிர் நம் விவசாயிகளுக்குத் தெரிந்த குதிரை மசால்தான்.

கழிவுப் பாகுக்கு நாம் எங்கும் போக வேண்டாம். திருவலம் அம்முண்டியில் வேலூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் விவசாயிகள் நிறைந்த ஆலைக்கு அரசே ஒரு நிலையான வாடிக்கையாளரானால் அதுவும் நல்லதுதானே. ஆனால் இதிலும் பக்குவம் வேண்டும். இனிப்பு அதிகமானால் மண்ணிலுள்ள இரும்பும் மாங்கனீசும், இருந்தால் ஆர்சனிக்கும் கரைந்து நீருக்குள் வரும். செலுத்தும் குழாய்கள் நுண்ணுயிர்ப் படலம் படிந்து அடைபடும். மண்ணின் மாங்கனீசு ஆக்சைடு, அடங்கிய குரோமியத்தை மறுபடி எழுப்பிவிடவும் கூடும். ஆகையால் ஊரெங்கும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஒரு மூலையில் நாலைந்து குழாய்கள், இரண்டு பருவமழை கடக்கும்வரை அளவீடு, பிறகு அடுத்த அடி.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவள் அல்ல. எங்கள் நீரில் குரோமியம் மட்டும் இல்லை. பல பத்தாண்டுகளாகத் தோல் பதனிடும் உப்பும் சேர்ந்திருக்கிறது. குதிரை மசால் அந்த உப்பைத் தாங்குமா என்பது நிலத்துக்கு நிலம் மாறும். வெட்டிவேரும் மேட்டின் சரிவைப் பிடிக்கும், வழியும் நீரைத் தணிக்கும். முப்பதடிக்குக் கீழே இருக்கும் நீரை அது எட்டாது. உப்பை எந்த நுண்ணுயிரும் அடக்காது. சவ்வூடு வடிகட்டினால் ஒரு பங்கு நல்ல நீரும் ஒரு பங்கு கடுங்கரைசலும் வரும். அந்தக் கரைசலை வற்ற வைத்தால் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் குவியும். 2011இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு திருப்பூர் கழிவுநீரை வெளியேற்றாத முறைக்கு மாறியது பெரிய சாதனை. அந்த உப்பு மூட்டைகளை என்ன செய்வது என்ற கேள்வி அங்கே இன்னும் தீரவில்லை. எனவே உப்பை நீரிலிருந்து எடுப்பதைவிட மண்ணில் விழாமல் தடுப்பதுதான் வழி. குரோமியத்துக்கான திட்டம் உப்பையும் தீர்த்துவிடும் என்று மக்களிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மழைநீர் சேகரிப்பையும் யோசித்துச் செய்ய வேண்டும். 2003 முதல் கட்டாயமாக்கி நாம் பெருமைப்படும் திட்டம் அது. ஆனால் மேட்டுக்குப் பக்கத்திலோ நிலத்தடி நீரோட்டத்தின் மேற்புறத்திலோ உறிஞ்சு குழி தோண்டினால், நல்ல மழைநீர் நஞ்சைத் தள்ளிக்கொண்டு புதிய கிணறுகளுக்குப் போகும். எங்கே தோண்டலாம், எங்கே கூடாது என்று ஒரு வரைபடம் போட்டு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை அறியக் கணினி மாதிரிகள் வேண்டும்தான். கூடவே, இந்தப் பகுதியில் கிணறு வெட்டிய முதியவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். எந்தக் கிணற்றில் எத்தனையாவது அடியில் எந்தத் திசையில் ஊற்றுக்கண் திறந்தது என்பது அவர்கள் மனத்தில் இருக்கிறது. புளியந்தாங்கல், வானாபாடி, காரை என்று நடந்து போனால் அந்த அறிவு இன்னும் கிடைக்கும். இன்னும் பத்தாண்டு போனால் கிடைக்காது.

இனி நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது. மேலே சொன்ன எந்த வழியும் இரண்டு ஆண்டில் முடியாது. ஹிங்க்லியில் கழிவு விடுவதை நிறுத்தி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் வேலை முடியவில்லை. அங்கே பணத்துக்குப் பஞ்சமில்லை, நிபுணர்களுக்கும் பஞ்சமில்லை. அப்படியானால் நமக்கு வேண்டியது முப்பது ஆண்டு தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. ஆட்சியர்கள் மாறுவார்கள், வாரியப் பொறியாளர்கள் இடமாற்றத்தில் போவார்கள், ஆட்சியும் மாறும். யார் போனாலும் நிற்காத ஏற்பாடு இன்றே வேண்டும். வசூலாகும் பணத்தையும் அரசுகள் தரும் பங்கையும் ஒரே தடவையில் ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்துவிடாமல், அசலைத் தொட முடியாத ஒரு நிதியாக வையுங்கள். கூரை விரிசலை அடைக்கவும், பாகு வாங்கவும், கிணறுகளை அளக்கவும் அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் பணம் வரட்டும். ஒப்பந்தக்காரருக்கும் குழாய் பதித்ததற்காக முழுத் தொகையைத் தராமல், நீர் எல்லைக்குள் வந்து அங்கேயே நிலைத்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

அளவுகளை ஊர் பார்க்கும்படி வையுங்கள். ரேஷன் கடையில் இருப்புப் பலகை எழுதுகிறோம் அல்லவா? அதுபோல ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு பலகை: கிணற்று எண், அளந்த தேதி, குரோமியம் எவ்வளவு, உப்பு எவ்வளவு, எதற்குப் பயன்படுத்தலாம். பருவமழைக்கு முன்னும் பின்னும் கட்டாயம். கோப்பில் தூங்கும் அறிக்கையால் எந்தக் குடும்பமும் தன் மாட்டைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. வேலை தொடங்கும் முன் ஏக்கர் கணக்கில் நிலம் வாங்க யாராவது வருகிறார்களா என்பதையும் கவனியுங்கள். நீர் தெளிந்த பிறகு அங்கே இருக்க வேண்டியவர்கள் இத்தனை காலம் கெட்ட நீரோடு வாழ்ந்தவர்கள்தான்.

தோல் தொழிலை மூடுங்கள் என்று நான் கேட்கவில்லை. என் மாணவர்களில் எத்தனையோ பேரின் வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது. பிள்ளைகளின் கட்டணத்தை அந்தக் கூலியில் கட்டிய அப்பாக்களின் கைப் புண்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் பார்த்ததால்தான் எழுதுகிறேன்.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் செய்யக்கூடியவை மூன்று இருக்கின்றன: மேட்டின் மேல் தற்காலிகமாகவாவது ஒரு நீர்புகா விரிப்பு, அதைச் சுற்றி மழைநீர் விலக்கு வாய்க்கால், சுற்றியுள்ள ஊர்களின் எல்லாக் கிணறுகளையும் எண்ணிட்டுக் கணக்கெடுப்பது. முதல் இரண்டும் உங்கள் பொறியாளர்களின் வேலை. மூன்றாவதில் நாங்கள் கைகொடுக்க முடியும். நீரில் ஆறாம் நிலைக் குரோமியம் இருந்தால் ஒரு சொட்டு மருந்தில் சிவந்த ஊதா நிறம் காட்டும் கையடக்கச் சோதனைப் பெட்டிகள் இருக்கின்றன. முறையாகக் கையுறை போட்டு, உங்கள் ஆய்வக அலுவலர் ஒருவரின் மேற்பார்வையில் செய்தால், ஒரு கிராமத்துக்கு இரண்டு நாள் போதும். என்னைப்போல ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இந்த வட்டாரத்தில் பலர் இருக்கிறார்கள். கல்லூரியில் வேதியியல் படிக்கும் பழைய மாணவர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்று கேள்வி கேட்டவளும் அவர்களுக்கு நடுவே இருந்தால் மகிழ்வேன்.

பெட்டிகளும் அலுவலரும் கிடைக்கும் நாளைத் தெரிவியுங்கள். எந்த ஊரில் தொடங்குவது என்பதையும் நீங்களே சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கு நோட்டுப் புத்தகத்தோடு அங்கே இருப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஒருவர்
வாலாஜாபேட்டை